அதிசயப் பழம்: புளிப்பை இனிப்பாக உணரவைக்கும் பழத்தைச் சுவைக்கவும் வளர்க்கவும் முழுமையான வழிகாட்டி

ஏறத்தாழ 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள, செக்கச்சிவந்த ஒரு சிறு பழத்தை மென்று, அதன் சதையை நாக்கு முழுவதும் பரவவிட்டபின் எலுமிச்சைத் துண்டைக் கடித்தால், முகத்தைச் சுளிக்கவைக்கும் அந்தப் புளிப்பு மறைந்து, சர்க்கரை கலந்த சாற்றைப் போல அது இனிக்கிறது. அதிசயப் பழம் என்றும் மிராக்கிள் ஃப்ரூட் என்றும் அழைக்கப்படும் இதன் தாவரவியல் பெயர் சின்செபாலம் டல்சிஃபிகம். பழம் உணவில் எந்த மாற்றத்தையும் செய்வதில்லை. உண்பவரின் நாக்கைத்தான் சிறிது நேரத்திற்கு மாற்றிவைக்கிறது. இதை எப்படி மெல்வது, எதனோடு சுவைப்பது, எங்கே நிறுத்துவது, சமையலில் ஏன் பயன்படாது என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை இந்த ஓர் உண்மையிலிருந்தே கிடைக்கிறது என்பதால், படிகளுக்குள் செல்லும் முன் பழத்தையும் அதன் செயல்பாட்டையும் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது.

பழமும் அதன் பின்னணியும்

இது மேற்கு ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலக் காடுகளுக்கு உரிய குறுமரம். கானா, பெனின், நைஜீரியா ஆகிய நாடுகளில் நெடுங்காலமாக அறியப்பட்டது. யொரூபா மொழியில் இதனை அக்பாயுன் என்கிறார்கள். சப்போட்டா, இலுப்பை, மகிழம் ஆகியவை அடங்கிய தாவரக் குடும்பமே இதற்கும் குடும்பம். 1725ஆம் ஆண்டு வாக்கில் அப்பகுதியில் பயணம் செய்த ஷெவாலியே டெ மார்ஷே என்ற பிரெஞ்சுப் பயணி, உள்ளூர் மக்கள் புளிப்பான உணவை உண்பதற்கு முன் இப்பழத்தை மெல்வதைக் கண்டு குறித்துவைத்தார். புளித்த மக்காச்சோள ரொட்டியையும் நாட்பட்டுப் புளித்த கள்ளையும் இனிமையாக்கிக்கொள்ள அம்மக்கள் கண்டுபிடித்த வழி அது. இன்று விருந்துகளில் வேடிக்கைக்காகச் செய்யப்படும் இந்தச் சுவைச் சோதனை, அதன் பிறப்பிடத்தில் அன்றாட உணவோடு இணைந்த நடைமுறையாகவே இருந்திருக்கிறது.

பழத்தின் தோல் மெல்லியது. உள்ளே ஒரே ஒரு பெரிய விதையும், அதைச் சுற்றி மெல்லிய வெண்ணிறச் சதையும் இருக்கும். சதைக்கென்று குறிப்பிடத்தக்க சுவை இல்லை; இலேசான இனிப்பும் அதைவிட இலேசான புளிப்பும் மட்டுமே தெரியும். இதை ஒரு பழமாக எண்ணி ருசிக்கக் காத்திருப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

நாக்கில் நடப்பது என்ன?

பழத்தின் சதையில் மிராகுலின் என்ற புரதம் இருக்கிறது. 191 அமினோ அமிலங்களால் ஆன இப்புரதத்தோடு சர்க்கரைச் சங்கிலிகளும் இணைந்துள்ளன. அமெரிக்காவில் ஆய்வு செய்த கென்சோ குரிஹாரா, லாய்ட் பைட்லர் ஆகிய இருவரும், தனித்து இயங்கிய நெதர்லாந்துக் குழு ஒன்றும் 1968இல் இதனைப் பிரித்தெடுத்தனர். அதன் முழு அமினோ அமில வரிசை 1989இல் வெளியானது.

மிராகுலினுக்கு என்று சொல்லும்படியான இனிப்பு எதுவும் இல்லை என்பதுதான் இதில் வியப்பு. நாக்கில் இனிப்பை உணர்வதற்கென்று டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரு பகுதிகள் சேர்ந்த ஏற்பிகள் உள்ளன. மிராகுலின் இந்த ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, வாய் நடுநிலையில் இருக்கும்வரை சும்மா இருக்கிறது. புளிப்பான உணவு வந்து வாயின் அமிலத்தன்மை உயர்ந்தவுடன், அது ஏற்பியைத் தூண்டிவிட, மூளைக்கு இனிப்பு என்ற செய்தி செல்கிறது. உமிழ்நீர் அமிலத்தைக் கழுவியதும் தூண்டல் அடங்கிவிடும். அடுத்த துளி அமிலம் பட்டதும் மீண்டும் தொடங்கும். அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடும்) 6.5இலிருந்து 4.8ஐ நோக்கி இறங்க இறங்க இந்தத் தூண்டல் வலுக்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் செல்களை வைத்துச் செய்த சோதனையில் காட்டினர். ஒருமுறை மென்ற பழம் பல உணவுகளுக்கும் வேலை செய்வதும், புளிப்பு கூடுதலாக உள்ள பொருளே கூடுதலாக இனிப்பதும் இதனால்தான்.

அப்படியானால் புளிப்பு எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. வலுவான இனிப்பு அதனைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். இனிப்புணர்வை மழுங்கச் செய்யும் சிறுகுறிஞ்சான் இலையின் சாற்றை, அதிசயப் பழம் உண்ட நாக்கில் தடவினால், இனிப்பு மறைந்து எலுமிச்சையின் பழைய புளிப்பு திரும்பிவிடுகிறது. இரண்டு தாவரங்களும் ஒரே நாக்கில் எதிரெதிர் வேலை பார்க்கும் இந்தச் சோதனை, அமிலம் முழுவதும் அங்கேயே இருக்கிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று. பின்னால் வரும் எச்சரிக்கைகளைப் படிக்கும்போது இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதற்படி: பழத்தைத் தேர்ந்தெடுத்தலும் பாதுகாத்தலும்

இப்பழம் மூன்று வடிவங்களில் கிடைக்கும்: புதிய பழம், உறையவைத்த பழம், உறைநிலையில் உலர்த்திப் பொடியாகவோ மாத்திரையாகவோ ஆக்கப்பட்டது. புதிய பழம் கிடைத்தால் அதுவே சிறந்தது. ஆனால் பறித்த இரண்டு மூன்று நாள்களுக்குள் அதன் தன்மை குன்றத் தொடங்குவதால், தொலைவிலிருந்து வரும் பழத்தை நம்புவதைவிட உறையவைத்ததை வாங்குவது புத்திசாலித்தனம். தோல் முழுவதும் சிவந்து, அழுத்தினால் சற்றே நெகிழும் பழமே பக்குவமானது. பச்சையோ மஞ்சளோ கலந்திருந்தால் அது இன்னும் பழுக்கவில்லை.

கையில் கிடைத்த அன்றே சுவைக்கப்போவதில்லை என்றால், பழங்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காற்றுப்புகாத பெட்டியில் இட்டு உறைபெட்டியில் வைத்துவிட வேண்டும். குளிரில் மிராகுலின் நெடுநாள் தாங்கும். வெப்பம்தான் அதற்குப் பகை. உறையவைத்த பழத்தை வெந்நீரிலோ நுண்ணலை அடுப்பிலோ இட்டு இளக்கக்கூடாது. சில நிமிடங்கள் வெளியே வைத்தாலே போதும்.

மாத்திரை வாங்குவோர் அதன் உட்பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும். பழப்பொடியுடன் மாவுப்பொருள் கலந்து மாத்திரையாக அழுத்துவது வழக்கம் என்பதால், மாத்திரையின் எடையும் அதிலுள்ள பழத்தின் எடையும் ஒன்றல்ல. இன்னொரு குழப்பமும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவிலேயே வளரும் தாமட்டோகாக்கஸ் டானியெல்லி என்ற வேறொரு செடியின் பழமும் சில இடங்களில் இதே பெயரால் குறிப்பிடப்படுகிறது. அதிலுள்ள தாமட்டின் என்ற புரதம் தானே இனிப்பது, புளிப்பை இனிப்பாக்குவதல்ல. தாவரவியல் பெயரைச் சரிபார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

இரண்டாம் படி: நாக்கையும் மேசையையும் ஆயத்தம் செய்தல்

பழத்தை மெல்லும் முன் சுவைக்கவேண்டிய பொருள்களை எல்லாம் வெட்டி அடுக்கிவைத்துவிட வேண்டும். விளைவு ஆளுக்கு ஆள் அரை மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரை மாறுபடும். முதல் கால் மணி நேரத்தில் இருக்கும் வலு கடைசிவரை இருக்காது. மென்றபின் எலுமிச்சையைத் தேடி ஓடினால் நல்ல பகுதி வீணாகிவிடும்.

வாயைத் தண்ணீரால் நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். எண்ணெய்ப்பசையோ பால்பசையோ நாக்கில் படிந்திருந்தால் புரதம் ஏற்பிகளைச் சென்றடைவது தடைபடலாம் என்பதால், உணவு உண்டு சிறிது நேரம் கழித்துத் தொடங்குவது நல்லது. வெறும் வயிறும் உகந்ததல்ல. அடுத்தடுத்து உட்செல்லப்போவது அமிலம் என்பதை மறந்துவிடக்கூடாது.

பலரும் தவிர்த்துவிடும் ஒரு சிறு வேலை இங்கே இருக்கிறது. பழத்தை மெல்லும் முன்பே ஒவ்வொரு பொருளிலும் ஒரு சிறு துளியைச் சுவைத்துப் பார்த்துவிட வேண்டும். எலுமிச்சையின் புளிப்பு எவ்வளவு, தயிரின் புளிப்பு எவ்வளவு என்பது நாக்கில் பதிந்திருந்தால்தான் பிறகு வரும் மாற்றத்தின் அளவு புரியும். நினைவிலுள்ள சுவையோடு ஒப்பிடுவது வேறு. ஐந்து நிமிடங்களுக்கு முன் உணர்ந்த சுவையோடு ஒப்பிடுவது வேறு.

மூன்றாம் படி: மெல்லுதல்

ஒருவருக்கு ஒரு பழம் போதும். அதனை வாயிலிட்டு, முன்பற்களால் தோலை மெல்லக் கிழித்து, விதையிலிருந்து சதையை நாக்காலேயே பிரிக்க வேண்டும். விதையைக் கடிக்கக்கூடாது; அது கசக்கும். சதையையும் சாற்றையும் உடனே விழுங்காமல், நாக்கின் நுனி, இரு ஓரங்கள், பின்பகுதி என எல்லா இடங்களிலும் படும்படி மெதுவாகப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நிமிடங்களாவது இப்படிச் செய்தால் நல்ல பலன் கிடைக்கும். மூன்று நிமிடங்கள் என்றால் இன்னும் நிச்சயம். பிறகு சதையை விழுங்கிவிட்டு விதையைத் துப்பிவிடலாம்.

எதுவும் நடக்கவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தப் படியில்தான் அவசரப்பட்டிருப்பார்கள். விழுங்கிய பழத்தால் பயனில்லை. மிராகுலின் வயிற்றிலிருந்து இரத்தத்தில் கலந்து வேலை செய்யும் பொருளல்ல. நாக்கின் பரப்பில் நேரடியாக ஒட்டினால் மட்டுமே அது செயல்படும். மாத்திரையாக இருந்தால் இது இன்னும் முக்கியம். அதனைக் கடித்து நொறுக்காமல், நாக்கின் மேல் வைத்து, முழுவதும் கரையும்வரை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பொடியாக இருந்தால் நாக்கு முழுவதும் தூவிக்கொண்டு உமிழ்நீரில் ஊறவிட வேண்டும். நாக்கில் படாத இடம் பழைய நாக்காகவே இருக்கும்; அதில் எலுமிச்சை பட்டால் இனிப்பும் புளிப்பும் கலந்த தெளிவற்ற சுவைதான் கிடைக்கும்.

நான்காம் படி: சுவைக்கும் வரிசை

முதலில் எலுமிச்சை. அதன் புளிப்பு வலுவானது என்பதால் பழம் வேலை செய்கிறதா இல்லையா என்பது ஒரே துண்டில் தெரிந்துவிடும். இன்னும் புளிப்பே மேலோங்கி இருந்தால், மற்றொரு பழத்தையோ மாத்திரையையோ எடுத்துக்கொண்டு மூன்றாம் படியை மீண்டும் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

அடுத்து, தன்னிடமே ஓரளவு சர்க்கரை உள்ள புளிப்புப் பழங்களுக்குச் செல்லலாம். ஸ்ட்ராபெரி, அன்னாசி, புளிப்பான ஆரஞ்சு, கிவி போன்றவை நன்கு கனிந்ததற்கும் அப்பால் சென்றுவிட்டதுபோல இருக்கும். என் கருத்தில், இந்தச் சோதனையின் உச்சம் எலுமிச்சையில் இல்லை, ஸ்ட்ராபெரியில்தான் இருக்கிறது. எலுமிச்சை வியப்பைத் தருகிறது. ஸ்ட்ராபெரியோ, மணமும் இனிப்பும் ஒன்றுசேர்ந்து, அந்தப் பழம் எப்படி இருக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ அப்படியே இருக்கிறது. தக்காளியும் இந்த வரிசையில் வரவேண்டியது. பச்சையாக நறுக்கிய தக்காளி, தான் ஒரு பழம்தான் என்பதை அப்போது காட்டிவிடும்.

மூன்றாவதாக, சர்க்கரை சேர்க்காத தயிர், மென்மையான ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஆகியவற்றைச் சுவைக்கலாம். இவற்றின் புளிப்புக்குக் காரணம் லாக்டிக் அமிலம். அது மிதமானது என்பதால் இனிப்பும் மிதமாகவே வரும்; கொழுப்பின் வழவழப்போடு சேர்ந்து இனிப்புப் பண்டத்தின் தன்மை தோன்றும். புளி, மாங்காய் ஆகியவற்றையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

காடியை, அதாவது வினிகரை, கடைசிக்கு ஒதுக்க வேண்டும்; அதையும் தண்ணீரில் நன்கு கலந்து, ஒரு சிறு கரண்டி அளவு மட்டுமே சுவைக்க வேண்டும். நாக்கில் அது இனித்தாலும், அதன் நெடி மூக்கில் ஏறுவதும் தொண்டையை எரிப்பதும் கொஞ்சமும் குறைவதில்லை. இனிப்பு என்று நம்பி ஒரு மடக்குக் குடித்தவரின் தொண்டை, அது காடிதான் என்பதை உடனே சொல்லிவிடும்.

இவற்றுக்கிடையே, மாறாத பொருள்கள் சிலவற்றையும் வைத்துக்கொண்டால் பழத்தின் எல்லை புரியும். உப்பு உப்பாகவே இருக்கும். மிளகாயின் காரம் ஒருவகை எரிச்சல் உணர்வு என்பதால் அதுவும் மாறாது. கசப்பும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பம்பளிமாஸ் வகைப் பழங்களில் புளிப்பு இனிப்பாகிவிட, கசப்பு மட்டும் தனித்துத் தெரிவது இதனால்தான். வெறும் சோறு, ரொட்டி, வேகவைத்த முட்டை போன்றவற்றில் அமிலம் மிகக் குறைவு என்பதால் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் இருக்காது. புளிப்பும் இனிப்பும் சமநிலையில் இருப்பதையே அழகாகக் கொண்ட பானங்கள், திராட்சை மது உட்பட, பாகு போலத் திகட்டிவிடும்; அவற்றை இந்த மேசையில் வைக்காமல் இருப்பதே நல்லது.

எல்லாப் பொருள்களும் குளிர்ந்தோ, அறையின் வெப்பநிலையிலோ இருக்கட்டும். சூடான பானங்களை அருந்தினால் விளைவு விரைவில் தேய்ந்துவிடும் என்பது இதனைச் சுவைத்தவர்களின் பொதுவான அனுபவம். இடையிடையே சாதாரணத் தண்ணீர் குடிக்கலாம். புரதம் ஏற்பியில் ஒட்டியிருப்பதால் உடனே கழுவிப்போய்விடாது.

எங்கே நிறுத்த வேண்டும்?

புளிப்புச் சுவை உடலின் காவலாளி. அளவுக்கு மீறி அமிலம் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். இந்தப் பழம் அந்தக் காவலை ஒரு மணி நேரத்திற்கு அகற்றிவிடுகிறது. நாக்கு இனிப்பு என்று சொல்லும் அதே நேரத்தில் எலுமிச்சைச் சாற்றின் சிட்ரிக் அமிலம் முழு வலுவோடு பல் எனாமலின் மேலும், வாயின் உட்தோலின் மேலும், இரைப்பையிலும் படுகிறது. வழக்கமாக ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்பவர் நான்கைந்து எலுமிச்சைகளைத் தின்றுவிட்டு, மறுநாள் நாக்கில் புண்ணும் வயிற்றில் எரிச்சலுமாகத் தவிப்பது எளிதில் நடக்கக்கூடியது. எனவே மேசையில் வைக்கும் அளவையே குறைத்துவைக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு மூன்று எலுமிச்சைத் துண்டுகளுக்கு மேல் வேண்டாம். சிட்ரிக் அமிலப் பொடியை நேராக வாயிலிடுவது போன்ற துணிச்சல்கள் முற்றிலும் கூடாது.

சோதனை முடிந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும். ஆனால் உடனே பல் துலக்கக்கூடாது. அமிலத்தால் மென்மையான எனாமலைத் தூரிகை தேய்த்துவிடும் என்பதால் அரை மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். வயிற்றுப் புண், நெஞ்செரிச்சல், வாய்ப்புண் உள்ளவர்கள் இதிலிருந்து விலகியிருப்பதே சரி. மருந்து காரணமாகக் குறிப்பிட்ட பழங்களைத் தவிர்ப்பவர்கள், நாக்கு இனிக்கிறது என்பதற்காக அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தக்கூடாது.

பழத்தைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இதன் உலர்ந்த பழத்தை உணவுத் துணைப்பொருளாக அனுமதித்தபோது, வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 0.7 கிராம் என்ற உச்சவரம்பை வைத்தது. கருவுற்ற பெண்களையும் பாலூட்டும் தாய்மார்களையும் அந்த அனுமதியிலிருந்து விலக்கியது. புரதம் என்பதால் ஒவ்வாமைக்கு வாய்ப்பு உண்டு. ஒவ்வாமைக்கு எளிதில் உள்ளாகும் உடல்வாகு உடையவர்கள் மிகச் சிறு அளவிலேயே தொடங்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களிடம் இப்பழத்தை மருந்துபோலப் பரப்பும் பேச்சுகளை ஏற்க முடியாது. சர்க்கரை சேர்க்காமலேயே தயிரையோ எலுமிச்சை நீரையோ இனிப்பாக உணரலாம் என்பது உண்மை; இது இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்பது அதிலிருந்து வருவதில்லை. அன்னாசியிலும் ஆரஞ்சிலும் உள்ள சர்க்கரை எப்போதும்போலக் கணக்கில் சேரும். கீமோதெரபியால் உணவெல்லாம் உலோகச் சுவை தட்டும் புற்றுநோயாளிகளிடம் சிறிய அளவிலான ஆய்வுகள் நடந்து, சிலருக்கு உணவு உண்பது எளிதாகியிருக்கிறது. அத்தகையவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே முயலவேண்டும். குறிப்பாக வாய்ப்புண் இருக்கும்போது அமில உணவே தொல்லையாகிவிடும்.

சமையலில் ஏன் பயன்படாது?

பழத்தை அரைத்து உணவில் கலந்தால் சர்க்கரை மிச்சமாகுமே என்ற எண்ணம் இயல்பானது. வேகவைக்கும் சூட்டில் மிராகுலின் சிதைந்துவிடும். சூடாக்காமல் கலந்தாலும், நாக்கில் நிலையாக ஒட்டுவதற்குள் உணவோடு விழுங்கப்பட்டுவிடுகிறது. அமெரிக்காவில் இதனை இனிப்பூட்டியாகச் சந்தைக்குக் கொண்டுவர முயன்ற மிராலின் நிறுவனம், உணவிலே கலப்பதைவிட உணவுக்கு முன் நாக்கில் பூசுவதையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. 1974இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் இதனை முன்அனுமதி பெறவேண்டிய உணவுச் சேர்க்கை என்று வகைப்படுத்தியதோடு அம்முயற்சி நின்றுபோனது. பின்னர் ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணு மாற்றத்தின் மூலம் லெட்யூஸ் கீரையிலும் தக்காளியிலும் மிராகுலினை உருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள். மரம் காய்க்கும் வேகம் குறைவாக இருப்பதே அந்தத் தேடலுக்குக் காரணம்.

வீட்டில் வளர்த்தல்

புதிய பழம் கிடைப்பது அரிது என்பதால், பொறுமையுள்ளவர்களுக்குச் செடி வளர்ப்பதே சிறந்த வழி. பொறுமை என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். விதையிலிருந்து வளர்ந்த செடி காய்க்கத் தொடங்க மூன்று நான்கு ஆண்டுகளாவது ஆகும். முதலாண்டில் அது ஒரு சாண் உயரத்தைத் தாண்டாமல் நிற்பதும் உண்டு.

விதை உலர்ந்தால் முளைப்புத்திறனை இழந்துவிடும். ஆகவே பழத்தைச் சுவைத்த கையோடு விதையைக் கழுவி, சதை முழுவதும் நீக்கி, அன்றோ மறுநாளோ ஊன்றிவிட வேண்டும். உலர்ந்த விதை என்று விற்கப்படுவதை வாங்குவது வீண்செலவு. ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, மண் எப்போதும் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் சில வாரங்களில் முளைவிடும்.

இச்செடியின் வெற்றியும் தோல்வியும் மண்ணின் அமிலத்தன்மையில்தான் இருக்கிறது. பிஎச் 4.5 முதல் 5.8 வரை உள்ள மண் இதற்கு வேண்டும். பெரும்பாலான தோட்ட மண் இந்த அளவுக்கு அமிலமானதல்ல என்பதால், நிலத்தில் நடுவதைவிடத் தொட்டியில் வளர்ப்பதே கைக்கு அடங்கும். பீட் பாசியையும் பைன் மரப்பட்டைத் துகளையும் பெருமணலையும் கலந்து தொட்டியை நிரப்பலாம். தேங்காய் நார்க் கழிவைச் சேர்ப்பதானால் அதிலுள்ள உப்பு போக முதலில் நன்றாகக் கழுவிவிட வேண்டும். ஊற்றும் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்ததாக இருந்தால், எவ்வளவு நல்ல மண்கலவையும் சில மாதங்களில் காரத்தன்மைக்கு மாறிவிடும். இலை நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாவது இதற்கான முதல் அடையாளம். உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரமிடுவது நிலைமையை மோசமாக்கும். மண்ணின் பிஎச் அளவைச் சோதித்து, மழைநீருக்கு மாறுவதே தீர்வு.

வேர் நீரில் நிற்கக்கூடாது. அதே நேரத்தில் முழுவதும் காயவும் கூடாது. இளஞ்செடிக்கு வடிகட்டிய வெயில் போதும். வளர்ந்தபின் காலை வெயிலை நன்றாகத் தாங்கும். உறைபனியை இது தாங்காது என்பதால் குளிர்நாடுகளில் தொட்டியை உள்ளே எடுத்துவைக்க வேண்டும். வறண்ட காற்றில் இலைநுனிகள் கருகும். உரத்தைப் பொறுத்தவரை, அமில மண்ணை விரும்பும் செடிகளுக்கான உரத்தைச் சொல்லப்பட்ட அளவில் பாதியாகக் கரைத்து, வளரும் காலத்தில் மட்டும் இட்டால் போதும்.

சிறிய பூக்கள் இலைக்காம்புகளின் அருகே தோன்றும். ஒரே செடி இருந்தாலும் காய் பிடிக்கும். பழம் முழுவதும் சிவந்தபின் மேலும் ஓரிரு நாள் செடியிலேயே விட்டுப் பறித்தால் சதை விதையிலிருந்து எளிதில் கழன்றுவரும். பறவைகளுக்கும் இப்பழம் பிடிக்கும் என்பதால், நிறம் மாறத் தொடங்கியதும் மெல்லிய வலையால் செடியை மூடிவைப்பது நல்லது.